சிரிக்கும் இதயத்தை எடுத்துவிடுங்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்காக மனித உடலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, என் செலவிலேயே அச்சிடுகிறேன். “பக்கத்துக்கு ஒரு படம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது” என்கிறார்கள் தோழிகள். நான்கு வண்ணத்தில் போட்டால் செலவு கையைக் கடிக்கும் என்கிறார் அச்சகத்துக்காரர். எனக்கு வேறொரு சந்தேகம். என் மாணவர்கள் இதயத்தின் படத்தை அச்சு அசலாக வரைந்து பாகம் குறிப்பார்கள். இரத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் திருதிருவென விழிப்பார்கள். படித்ததை நினைவில் வைக்கப் படம் உண்மையிலேயே உதவுகிறதா? மாதிரிக்கு இதயம் பற்றிய ஆறு பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். பின்குறிப்பு: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுகிறான், எழுத்துப் பக்கம் கண்ணே போவதில்லை. படத்தை மறைத்துவிடலாமா?

— ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்:

வணக்கம் டீச்சர்.

உங்கள் ஆறு பக்கங்களில் ஏழு படங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் புதிதாக வரையச் சொல்லுங்கள். இன்னொன்றின் இடத்தில் வேறு படம் போடுங்கள். மீதி மூன்றும் அந்த இடங்களில் வேண்டாம். ஒற்றை வண்ணமே போதும் என்று அச்சகத்துக்காரரிடம் இன்றே சொல்லிவிடலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஓவியர் ஒருவருக்குக் கூலி கொடுங்கள்.

படம் உதவுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவுகிறது; அதில் சந்தேகமே இல்லை. வெறும் பாடத்தைப் படித்தவர்களையும் அதே பாடத்தைப் படத்துடன் படித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஹோவர்ட் லெவி, ரிச்சர்ட் லென்ட்ஸ் என்ற இருவர் 1982இல் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 46 ஒப்பீடுகள். அவற்றில் 45இல் படத்துடன் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். சராசரியாக 36 விழுக்காடு அதிகம். கல்வி ஆய்வில் இவ்வளவு ஒருமித்த முடிவு அடிக்கடி கிடைப்பதில்லை.

உங்கள் தோழிகள் சொல்வது சரிதான் என்று இங்கேயே நிறுத்திவிட முடியாது. அந்த 46 ஒப்பீடுகளும் படத்தில் காட்டப்பட்ட செய்தியைப் பற்றியவை. அதே பாடத்தில் படத்தில் வராத செய்திகளும் இருந்தன அல்லவா? அவற்றை நினைவில் வைப்பதில் படம் பார்த்தவர்களுக்குச் சொல்லும்படியான லாபம் எதுவும் இல்லை. படம் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் மனத்தில் நிறுத்துகிறது. பக்கத்தில் இருப்பதற்காக மற்ற வரிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆகவே ‘பக்கத்துக்கு ஒரு படம்’ என்ற கணக்கே தவறு. எந்த வரி பிள்ளைக்கு மறந்துபோகிறதோ, எந்த வரி புரியாமல் போகிறதோ, அந்த வரிக்குத்தான் படம்.

உங்கள் மாணவர்கள் விழிப்பதற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. கனடாவில் லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஐந்து நாட்களில் 10,000 படங்களை, ஒவ்வொன்றையும் சில விநாடிகள் மட்டும் காட்டினார். பிறகு பழைய படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்டபோது, நூற்றுக்கு 83 முறை சரியாகச் சொன்னார்கள். மலைக்க வைக்கும் நினைவுதான். ஆனால் கவனியுங்கள்: அவர்கள் செய்தது அடையாளம் கண்டுகொள்வது மட்டுமே. அந்தப் படத்துக்குள் எது எதோடு எப்படி இணைகிறது என்று யாரும் கேட்கவில்லை. ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற வினாவுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது. இதயத்தின் வெளிக்கோடு அதற்குக் கை பழகிவிட்டது. பெயர்கள் எந்தெந்த இடத்தில் வரும் என்பதும் பழகிவிட்டது. அந்தக் கோடுகளுக்குள் இரத்தம் ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் ஓடாமலேயே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

கனடாவிலேயே ஆலன் பாய்வியோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது: சொல்லாக ஒரு முறையும் உருவாக ஒரு முறையும் பதிந்த செய்தியை, இரண்டில் எந்த வழியாகவும் மீட்டுவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பதிய வேண்டும். வரிகளை மனப்பாடமாக ஒரு பக்கமும் படத்தை ஓவியப் பயிற்சியாக இன்னொரு பக்கமும் வைத்தால், அந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே பாதை இருக்காது.

இனி உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன்.

முதல் பக்கத்தில் கைகால் முளைத்து, பல்லைக் காட்டிச் சிரிக்கும் இதயம். அதற்கு எதிரே ஸ்டெதஸ்கோப்புடன் ஒரு டாக்டரின் புகைப்படம். இரண்டும் எந்த வரியையும் விளக்கவில்லை. இப்படிப்பட்ட அலங்காரப் படங்களால் நினைவுக்குப் பலன் ஏதும் இல்லை என்பதை ஜோயல் லெவினும் அவருடைய சகாக்களும் 1980களிலேயே தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். “பலன் இல்லாவிட்டால் போகட்டும், அழகுக்கு இருக்கட்டுமே” என்று நீங்கள் நினைக்கலாம். அலங்காரப் படம் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மின்னல் உருவாகும் விதம் பற்றிய பாடத்தை வைத்து ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனைகளில், மின்னல் தாக்கியவர்கள் பற்றிய சுவையான துணுக்குகளையும் படங்களையும் இடையிடையே சேர்த்தார்கள். மாணவர்கள் பாடத்தின் முக்கியச் செய்திகளைக் குறைவாகவே நினைவில் வைத்தார்கள். பாடத்தைக் கொண்டு புதிய கேள்விக்கு விடை காண்பதிலும் பின்தங்கினார்கள். துணுக்கு பாடத்தின் தொடக்கத்தில் வந்தால் கெடுதல் அதிகம், கடைசியில் வந்தால் குறைவு. இந்தப் பாடம் எதைப் பற்றியது என்று பிள்ளை மனத்தில் கோடு போடும் நேரத்தில் துணுக்கு குறுக்கே வந்து, வேறெதையோ பற்றியது என்று நினைக்கவைத்துவிடுகிறது.

அதனால்தான் மூன்றாம் பக்கத்து நீலத்திமிங்கிலத்தையும் அங்கிருந்து கிளப்பச் சொல்கிறேன். இரட்டை இரத்த ஓட்டத்தை, அதாவது இரத்தம் நுரையீரலுக்கு ஒரு சுற்றும் உடலுக்கு ஒரு சுற்றும் போய்வருவதை, நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பத்திக்கு நடுவே ‘உங்களுக்குத் தெரியுமா?’ கட்டம் எதற்கு? திமிங்கிலத்தின் இதயம் எவ்வளவு பெரியது என்பது பிள்ளைக்கு ஆயுள் முழுக்க நினைவிருக்கும். இரட்டை ஓட்டம்தான் இருக்காது. அந்தக் கட்டத்தை விட மனமில்லை என்றால், பாடம் முடிந்து பயிற்சி வினாக்களும் முடிந்த பிறகு போடுங்கள்.

படங்கள் செய்யும் இன்னொரு வேலை எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. மைக்கேல் செர்ராவும் ஜான் டன்லோஸ்கியும் 2010இல் காட்டியது இது: பாடத்தோடு படம் இருந்தால், தமக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாகப் படிப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். விளக்கமாக எதையும் காட்டாத வெறும் புகைப்படம் இருந்தாலும் அந்த நம்பிக்கை ஏறுகிறது. தேர்வில் பெறும் மதிப்பெண் ஏறுவதில்லை. வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் வரும் வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு, “எல்லாம் தெரியும் டீச்சர்” என்று சொல்லும் பிள்ளையை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்!

அடுத்து, உங்கள் மகுடமான அந்த நான்கு வண்ணக் குறுக்குவெட்டுப் படம். நீங்கள் பெருமைப்படுவது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அது மருத்துவக் கல்லூரி மாணவருக்கான படம். தசை இழை, கொழுப்புப் படலம், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள், இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். உங்கள் பாடத்தில் வருவது அவற்றில் பாதிகூட இல்லை. நல்ல வேளையாக, இந்தத் துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட பாடங்களில் மனித இதயமும் ஒன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் டுவையர் 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதயம் பற்றிய ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு, எளிய கோட்டோவியம், நிழல் கொடுத்த ஓவியம், மாதிரியின் புகைப்படம், உண்மை இதயத்தின் புகைப்படம் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார். பார்க்கும் நேரம் கட்டுப்படுத்தப்பட்டபோது கோட்டோவியமே பெரும்பாலும் நன்றாக வேலை செய்தது. தத்ரூபமான படத்தால் பயன் பெற, நின்று நிதானித்துப் பார்க்க நேரம் வேண்டும். கிர்ஸ்டன் புட்சர் 2006இல் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றிய பாடத்தில் விரிவான படத்தையும் எளிமையாக்கிய படத்தையும் ஒப்பிட்டார். இரண்டுமே உதவின, ஆனால் பாடத்தில் நேரடியாகச் சொல்லாததைத் தாமாக ஊகித்து அறிவதற்கும், தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் எளிமையான படமே அதிகம் கைகொடுத்தது.

ஆகவே ஓவியரிடம் இப்படிக் கேளுங்கள். நான்கு அறைகள், அவற்றோடு சேரும் பெருநாளங்கள், வால்வுகள், அவ்வளவுதான். ஆனால் இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் வலதைவிடத் தடிப்பாக இருப்பது கண்ணில் பட வேண்டும். “உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்த வேண்டியிருப்பதால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமனானது” என்று இரண்டாம் பக்கத்தில் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலுள்ள படத்திலோ இரண்டு சுவர்களும் ஒரே தடிமனில் இருக்கின்றன! படமும் வரியும் முரண்பட்டால் பிள்ளையின் மனத்தில் பெரும்பாலும் படம்தான் ஜெயிக்கும்.

இடம் வலம் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். நமக்கு எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பதுபோல்தான் இதயப் படத்தை வரைகிறோம். எனவே வலது ஆரிக்கிள் (மேலறை) தாளின் இடப்பக்கம் வரும். இது உங்களுக்கும் எனக்கும் பழகிப்போன விஷயம். முதல் முறை படிக்கும் பிள்ளை ‘வலது’ என்று வரியில் படித்துவிட்டுத் தாளின் வலப்பக்கம் கண்ணை ஓட்டும். அங்கே இடது ஆரிக்கிள் உட்கார்ந்திருக்கும். பிறகு எல்லாம் குழப்பம்தான். படத்தின் மேல் இரு ஓரங்களிலும் ‘உடலின் வலப்பக்கம்’, ‘உடலின் இடப்பக்கம்’ என்று அச்சிட்டுவிடுங்கள்.

சிவப்பும் நீலமும் இல்லாமல் எப்படி என்று கவலைப்பட வேண்டாம். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் செல்லும் பகுதியில் சாய்கோடுகள் போட்டு, ஆக்சிஜன் மிகுந்த பகுதியை வெறுமையாக விடுங்கள். இதில் ஓர் உபரி ஆதாயமும் உண்டு. வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் சிரை இரத்தம் நீல நிறம் என்றே நம்புகிறார்கள். சாய்கோட்டைப் பார்த்து இரத்தத்தில் கோடு இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் நம்பாது.

இரத்தம் செல்லும் பாதையைக் காட்டும் அம்புக்குறிப் படம் நன்றாகவே இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் சரியில்லை. விளக்கம் இரண்டாம் மூன்றாம் பக்கங்களில், படமோ ஐந்தாம் பக்கத்தில், நடுவே ‘படம் 4ஐப் பார்க்க’ என்ற குறிப்பு. மேரி ஹெகார்ட்டி, மார்செல் ஜஸ்ட் இருவரும் 1993இல் கப்பி அமைப்புகள் பற்றிய பாடத்தைப் படிப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். இரண்டொரு வரி படிப்பது, உடனே படத்தில் அந்தப் பகுதியைத் தேடிப் பார்ப்பது, மறுபடி வரிக்கு வருவது என்றே படிப்பு நகர்கிறது. பக்கம் புரட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் இந்த வேலையில் பாதி நடக்காமலே போகும். நடந்தாலும், படித்த வரியை மனத்தில் பிடித்துக்கொண்டே தேட வேண்டியிருப்பதால் வரி நழுவும். ஆகவே படத்தை இரண்டாம் பக்கத்துக்கு எதிரே, புத்தகத்தை விரித்தால் வரியும் படமும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். அ, ஆ, இ என்று எழுத்து போட்டு அடியில் பெயர்ப் பட்டியல் தராமல், பெயர்களைப் பாகங்களின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். நுரையீரல் தமனியைத் தொட்டுக்கொண்டே, ‘தமனிதான், ஆனாலும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று ஐந்து சொல் இருக்கட்டும். பொதுத்தேர்வில் ஆண்டுதோறும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் அது என்பது உங்களுக்கே தெரியும்.

படம் முன்னால் வருவதா, பின்னால் வருவதா என்பதும் சின்ன விஷயம் இல்லை. 1972இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் வேண்டுமென்றே தலையும் காலும் புரியாத ஒரு பத்தியை எழுதினார்கள். பலூன்கள், ஒலி, மின்கம்பி, தூரம் என்று ஏதேதோ வரும். அதற்கு ஒரு படம் உண்டு: உயரமான கட்டடத்தின் ஜன்னலில் ஒரு பெண், கீழே தெருவில் கிட்டார் வாசித்துப் பாடும் காதலன், அவன் பாட்டு மேலே எட்டுவதற்காகப் பலூன்களில் கட்டி உயர்த்திய ஒலிபெருக்கி. படத்தை முதலில் பார்த்துவிட்டுப் பத்தியைக் கேட்டவர்கள் 14 கருத்துகளில் சராசரியாக 8ஐ நினைவுகூர்ந்தார்கள். படமே பார்க்காதவர்கள் 3.6. பத்தியைக் கேட்டு முடித்த பிறகு படத்தைப் பார்த்தவர்களும் அதே 3.6தான்! பின்னால் காட்டிய படத்தால் பயனே இல்லாமல் போயிற்று. அந்தப் பத்தி வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்டது, உங்கள் நடை தெளிவானது; ஆகவே வேறுபாடு இவ்வளவு இருக்காது. இருந்தாலும், சிரிக்கும் இதயம் காலி செய்த முதல் பக்கத்தில் உடல், இதயம், நுரையீரல் மூன்றையும் இணைக்கும் இரண்டு வளையங்களை மட்டும் சிறியதாக வரைந்து வையுங்கள். நாளப் பெயர் எதுவும் வேண்டாம். இரத்தம் இரண்டு சுற்று சுற்றுகிறது என்பது தெரிந்தால் போதும்.

வில்லியம் ஹார்வியின் உருவப்படத்துக்குப் பதிலாக ஒரு படம் சொல்கிறேன், இதை அவசியம் போடுங்கள். ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி வெளியிட்ட நூலிலேயே இருக்கும் படம் அது. காப்புரிமைச் சிக்கல் எதுவும் வராது. மேற்கையைக் கட்டி, முன்கைச் சிரைகள் புடைத்திருக்கும். ஒரு விரல் சிரையை அழுத்தியிருக்கும். இன்னொரு விரல் அங்கிருந்து அடுத்த வால்வுக்கு அப்பால் வரை இரத்தத்தை மேலே தள்ளிவிடும். நடுவிலுள்ள துண்டு காலியாகவே கிடக்கும், ஏனென்றால் வால்வு இரத்தத்தைத் திரும்பி வர விடாது. தாடி வைத்த அறிஞரின் முகம் பிள்ளைக்கு எதையும் சொல்லித்தராது. இந்தக் கை ஒரு பெரிய வாதத்தையே நடத்திக்காட்டுகிறது. திறந்த வால்வு, மூடிய வால்வு என்று பக்கத்தில் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் ஜோடிப் படத்துக்கு அருகிலேயே இதையும் வைத்தால் வால்வின் வேலை இனி மறக்காது. (அந்த ஜோடிப் படத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.)

இரத்த அழுத்தம் பற்றிய பத்திக்குப் படமே தேவையில்லை. 120/80 என்ற இரண்டு எண்களில் எது சுருங்கும்போது, எது விரியும்போது என்பதை நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகளே போதுமானவை.

கடைசியாகப் பயிற்சிப் பகுதி. ‘இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று அங்கும் போட்டிருக்கிறீர்கள். தேர்வில் கேட்பார்கள், விட முடியாது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைச் சேருங்கள்: புத்தகத்தை மூடிவிட்டு, காலில் இருக்கும் ஒரு துளி இரத்தம் மறுபடி காலுக்கே வந்து சேரும் வழியைக் கட்டங்களாலும் அம்புகளாலும் வரையச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் தானே திருத்தட்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்தார்கள். வரைந்தது அழகாக இருந்ததா, கோணலாக இருந்ததா என்பது பொருட்டாகவே இல்லை. எனவே இந்தப் பயிற்சிக்கு ஸ்கேல், கூரான பென்சில், நிழல் கொடுத்தல் எதையும் கேட்காதீர்கள். கட்டம் கோணலானால் என்ன, அம்பு சரியாகத் திரும்பினால் மதிப்பெண் கொடுங்கள். அடித்துத் திருத்திய தாளைக் கண்டால் நம் ஆசிரியர்களுக்குக் கை பரபரக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

முழு நூலையும் அச்சுக்கு அனுப்பும் முன் இந்த ஆறு பக்கங்களை மட்டும் புரூஃப் எடுத்து, தெரிந்த பிள்ளைகள் சிலரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரம் போகட்டும். பக்கங்களைக் காட்டாமல், “நுரையீரலுக்குப் போகும் இரத்தம் எந்த அறையிலிருந்து புறப்படுகிறது? திரும்பி வந்தால் எந்த அறைக்கு வரும்? இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் மெலிந்தால் என்ன ஆகும்?” என்று வாயால் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேரடி விடை உங்கள் பக்கங்களில் இல்லை. அதற்கு ஒரு பிள்ளை யோசித்துப் பதில் சொன்னால் படம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் பேரன் விஷயத்துக்கு வேறு கணக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதில் படம் போட்டியாளராகிவிடுவது உண்மைதான். ஜே சாமுவேல்ஸ் 1967இல் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில சொற்களைப் படத்துடனும் படமில்லாமலும் கற்றுத்தந்து பார்த்தார். பிறகு படத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் காட்டியபோது, படமில்லாமல் கற்றவர்களே முன்னால் நின்றார்கள். படத்திலிருந்து விடை கிடைத்துவிட்டால் எழுத்தைப் பார்ப்பானேன்? உங்கள் பேரன் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொள்கிறான்.

ஆனாலும் படங்களைக் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டாம். கதைமேல் அவனுக்கு இருக்கும் ஆசையும் அதோடு போய்விடும். முதல் முறை நீங்கள் வாசியுங்கள், அவன் படங்களை ஆசை தீரப் பார்க்கட்டும், பேசட்டும். அவன் படிக்கும் முறை வரும்போது, படத்தை உங்கள் கையால் மூடிக்கொள்ளுங்கள்; முதலில் வரி. வரியை முடித்தபின் உங்கள் கையை எடுத்துப் படத்தைக் காட்டுங்கள், “நீ படித்தது இதில் இருக்கிறதா, பார்” என்று. கதைப் புத்தகம் வாங்கும்போது, ஒரு பக்கத்தில் எழுத்தும் எதிர்ப்பக்கத்தில் படமும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கையால் மறைப்பது எளிது. மூலைக்கு மூலை பூச்சி, பறவை, பலூன் என்று கதையில் இல்லாதவை நிறைந்த படங்களைத் தவிருங்கள். 2020இல் கசாண்ட்ரா எங், கேரி காட்வின், அன்னா ஃபிஷர் ஆகியோர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, அப்படிப்பட்ட உபரி உருவங்களை நீக்கியதும் பிள்ளைகளின் கண் வரியைவிட்டுப் பறப்பது குறைந்தது. கதையும் நன்றாகப் புரிந்தது.